பன்னிரண்டு மணிக்கு விடியும் ஊர்

கென்யாவின் கடற்கரை நகரமான மொம்பாசாவில் இறங்கிய முதல் நாள் மாலை, மறுநாள் கோட்டையைப் பார்க்கப் போக ஒரு டுக்டுக் பேசி வைத்தேன். டுக்டுக் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர் ஆட்டோ. ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று, புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்த சுவாஹிலியில் கேட்டேன். "சா ம்பிலி" என்றார். 'சா' என்றால் மணி, 'ம்பிலி' என்றால் இரண்டு. பிற்பகல் இரண்டு மணிக்குத்தானே, காலையில் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு திறந்தால், அவர்தான். "சா ம்பிலி" என்று சொல்லித் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். முள் எட்டில் நின்றது.

அவர் சொன்னதும் சரி, நான் படித்ததும் சரி. சுவாஹிலிக்காரர்களுக்கு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, விடியலில் தொடங்குகிறது. சூரியன் எழும் வேளை பன்னிரண்டு. அதிலிருந்து ஒரு மணி நேரம் போனால் ஒன்று, நமது ஏழு மணி. இரண்டு என்றால் எட்டு. நண்பகல் ஆறு மணி. பொழுது சாயும்போது மறுபடி பன்னிரண்டு. பிறகு இரவுக் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பம். கடிகாரத்தில் முள் எங்கே நிற்கிறதோ, அதற்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைச் சொன்னால் சுவாஹிலி மணி வந்துவிடும். விமானச் சீட்டிலும் ரயில் சீட்டிலும் உலகக் கடிகாரமே அச்சாகிறது. ஆனால் வாய்ப்பேச்சில் யாராவது நேரம் சொன்னால், எந்த மொழியில் சொன்னார் என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் பெரும்பாலும் நம் கணக்கு. சுவாஹிலியில் சொன்னால் ஆறு மணி நேரம் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். சந்தேகமிருந்தால், அசுபுஹியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காலையா என்று பொருள்.

இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. பஞ்சாங்கத்தில் இன்றும் உதயாதி நாழிகை இருக்கிறது. சூரிய உதயத்திலிருந்து எண்ணத் தொடங்கி, 24 நிமிடத்துக்கு ஒரு நாழிகையாக, 60 நாழிகை ஒரு நாள். ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்று சென்னையில் யாரும் ஆட்டோவுக்கு நேரம் சொல்ல முடியாது. சென்னையில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்யத் தலைநகர் நைரோபியில் அந்த வித்தியாசம் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆண்டு முழுக்கச் சூரியன் 6.10 மணிக்கும் 6.40 மணிக்கும் இடையில் எழுந்துவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் சொச்சம் கழித்து மறைகிறது. அந்த அரை மணி நேரத் தள்ளாட்டம்கூடப் பகல் நீள்வதால் வருவதல்ல. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், வானத்துச் சூரியன் நம் கடிகாரத்தைவிடச் சில மாதம் முந்துகிறது, சில மாதம் பிந்துகிறது. நிலநடுக்கோட்டுக்காரனுக்குச் சூரியனே போதுமான கடிகாரம். அவன் அதை மாற்றிக்கொள்ள என்ன அவசியம்?

கென்யாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஆளுக்கொரு அறிவுரை வந்தது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள். நீலச் சட்டை வேண்டாம். மஞ்சள் அட்டையை மறக்காதே. இருட்டுவதற்குள் திரும்பிவிடு. வரிசையாகப் படித்தால் மருந்துச் சீட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் ஏன் என்று நோண்டிக்கொண்டே போனால், பெரும்பாலானவை இரண்டே இரண்டு சங்கதியில் போய் முடிகின்றன. ஒன்று, நிலநடுக்கோடு அந்த நாட்டின் நடுவே ஓடுகிறது. இரண்டு, நாட்டில் மக்கள் நெருங்கி வாழும் பகுதி மலை உயரத்தில் இருக்கிறது.

இருட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டில் சூரியன் சரிந்து இறங்குவதில்லை, கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி ஏறக்குறைய நேர் செங்குத்தாக இறங்குகிறது. அதனால் அந்தி என்ற பேச்சே அதிகம் இல்லை. சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் வழி தெரியாத இருட்டு. ஐரோப்பாவிலிருந்து கோடையில் வருகிறவர்கள் நீண்ட அந்திக்குப் பழகியவர்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று நடந்துகொண்டே போய் நடுவழியில் மாட்டிக்கொள்வார்கள். தேசியப் பூங்காக்களின் வாயில்கள் மாலை ஆறு மணிக்கெல்லாம் மூடப்படுவதை அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். இருட்டுக்கு முந்திய அரை மணி நேரத்தில்தான் சிங்கம் சோம்பல் முறிக்கத் தொடங்கும்.

நன்யுகி என்ற ஊர் நைரோபிக்கு வடக்கே, கென்யா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நிலநடுக்கோடு அங்கே சாலையைக் கடக்கிறது. மஞ்சள் பலகை, அதன் கீழே படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம், பக்கத்தில் அடியில் ஓட்டை போட்ட ஒரு கிண்ணத்தோடு ஓர் ஆள். கோட்டுக்கு வடக்கே இருபது தப்படி நம்மை அழைத்துப்போவார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே தீக்குச்சி ஒன்றை மிதக்க விடுவார். தண்ணீர் இறங்க இறங்கக் குச்சி ஒரு பக்கமாகச் சுற்றும். தெற்கே இருபது தப்படி போய்ச் செய்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். கோட்டின் மேலேயே வைத்தால் சுற்றாமல் நேராக இறங்கும். கூட்டம் கை தட்டும். கடைசியில், பெயர் எழுதிய சான்றிதழ் ஒன்றும் விலைக்குக் கிடைக்கும்.

நானும் கை தட்டினேன். ஆனால் தட்டியது அவருடைய கைநயத்துக்குத்தான். பூமி சுழல்வதால் ஓடும் நீரும் காற்றும் ஒரு பக்கம் விலகுவது உண்மை. கொரியோலிஸ் விளைவு என்பார்கள். அது துருவத்தில் மிக அதிகம், நிலநடுக்கோட்டில் பூஜ்யம். கோட்டிலிருந்து இருபது மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். துருவத்தில் ஒரு கிண்ணத்தைத் தரையில் வைத்தால் பூமி அதை ஒரே நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். சென்னையில் நாலரை நாள் ஆகும். நன்யுகியில் அந்த மனிதர் நின்ற இடத்தில் 870 ஆண்டுகள்! ஒரு நிமிடத்தில் காலியாகிற கிண்ணத்தில் அது எப்படித் தெரியும்? அவர் தண்ணீரை எந்தப் பக்கச் சாய்வில் ஊற்றினாரோ, கிண்ணத்தை எந்தப் பக்கம் திரும்பி வைத்தாரோ, குச்சி அந்தப் பக்கம் சுற்றியது. அவ்வளவுதான்.

இதை உண்மையாகவே பார்க்க முடியுமா என்று 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபீரோ என்ற பொறியியலாளர் முயன்றார். ஆறடி அகலத் தொட்டியில் ஆறு அங்குல நீரை ஊற்றி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்திருந்தார். காற்றுகூடப் படாமல் மூடி, அடியில் சிறு துளையைத் திறந்தார். தொட்டி காலியாக இருபது நிமிடம். கடைசி நிமிடங்களில் நீர் இடஞ்சுழியாகத் திரும்பியது. சில ஆண்டுகள் கழித்து சிட்னியில் வேறு குழு அதையே செய்தபோது வலஞ்சுழி வந்தது. இத்தனை பொறுமைக்குப் பிறகுதான் பூமி தன் சுழற்சியைத் தொட்டிக்குள் காட்டியது.

கோட்டில் அந்த விளைவு இல்லாததன் பலனைக் காண கிண்ணம் வேண்டாம், கடற்கரைக்குப் போனால் போதும். புயல் சுழல்வதற்குக் கொரியோலிஸ் தேவை. கோட்டுக்கு இருபுறமும் ஐந்து பாகை வரை அது போதாது. கென்யாவின் கடற்கரை முழுவதும் அந்தப் பட்டைக்குள் வருகிறது. வெள்ளம் வரும், பெருமழை பெய்யும். ஆனால் நம் கடலூருக்கும் நாகைக்கும் வருவது மாதிரி புயல் வருவது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஸ்வெட்டருக்கு வருவோம். நிலநடுக்கோட்டு நாட்டுக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய நம் குன்னூர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜூலை இரவுகளில் 12 டிகிரி வரை இறங்குகிறது. ஒரு பெருநகரமே குன்னூர் உயரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் நிலத்தின் அடியில். கிழக்கு ஆப்பிரிக்காவின் கீழே ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழுந்து வருகிறது. அது நிலத்தைத் தோசைக்கல்லில் உப்பும் சப்பாத்தி மாதிரி தூக்கிவிட்டது. தூக்கிய இடம் வெடித்தது. அந்த வெடிப்புத்தான் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. நைரோபியிலிருந்து ஒரு மணி நேரம் மேற்கே போனால் சாலையோரத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம். தரை திடீரென்று கீழே போய்விடும். இரு கரைகளும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் விலகிக்கொண்டிருக்கின்றன. நம் நகம் அதைவிட வேகமாக வளர்கிறது. அந்தப் பள்ளத்தின் வெந்நீராவியை ஓல்கரியாவில் குழாய் போட்டுப் பிடித்து, நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை எடுக்கிறார்கள்.

குளிருகிறதே என்று தொப்பியை விட்டுவிட்டுப் போவதுதான் அடுத்த தவறு. மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் நைரோபியில் சூரியன் நேர் உச்சியில் வரும். உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்குப் புற ஊதாக் கதிர் கூடுகிறது. குளிர்ந்த காற்று முகத்தில் படுவதால் வெயில் உறைப்பது தெரியாது. மாலையில் கண்ணாடியில் பார்த்தால் மூக்கு உரிந்திருக்கும். கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம் நம்பிக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

இந்த உயரம் செய்கிற மிகப் பெரிய காரியம் வேறு. நைரோபியில் மலேரியா மிகக் குறைவு. மொம்பாசா கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக் கரையில் உள்ள கிசுமுவிலும் ஏராளம். ஒரே நாடு, ஒரே மழை, கொசுவுக்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன்?

மலேரியாக் கிருமி ஒருவர் உடம்பிலிருந்து கொசுவின் வயிற்றுக்குள் போனதும் உடனே அடுத்தவருக்குத் தாவிவிடாது. கொசுவுக்குள் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். கொசுவுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியே என்ன வெப்பமோ அதுதான் கிருமியின் அடுப்பு. ஃபால்சிபாரம் வகைக் கிருமி வெந்து வர எத்தனை நாள் ஆகும் என்பதற்குச் சோவியத் ஆய்வாளர் தெட்டினோவாவின் பெயரில் ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. சராசரி வெப்பநிலையிலிருந்து 16-ஐக் கழியுங்கள். வந்த எண்ணால் 111-ஐ வகுங்கள். 27 டிகிரி உள்ள மொம்பாசாவில் பத்து நாள். 25 டிகிரியில் பன்னிரண்டு நாள். 20 டிகிரியில் இருபத்தெட்டு நாள். 18 டிகிரியில் ஐம்பத்தைந்து நாள். கொசுவின் ஆயுளோ இரண்டு மூன்று வாரம். 18 டிகிரி ஊரில் கிருமி தயாராவதற்குள் கொசு செத்துப்போகிறது!

எனக்கு இந்தக் கணக்கைவிடப் பிடித்த அறிவியல் கணக்கு அதிகமில்லை. கழித்தல் ஒன்று, வகுத்தல் ஒன்று. ஒரு நகரத்தின் தலையெழுத்தே அதில் இருக்கிறது. உலகம் சூடேறுவது மலைநாட்டுக்காரர்களுக்கு ஏன் வெறும் வியர்வைப் பிரச்சினை இல்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. 18 டிகிரி 20 ஆனால், ஐம்பத்தைந்து இருபத்தெட்டாகப் பாதியாகிறது.

ஆகவே நைரோபியோடு திரும்புகிறவருக்கு மலேரியா மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போகிறவருக்கு வேண்டும். எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை நாம் தெரிந்துகொள்ளலாம். கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலுக்குள் ஒளிந்து ஒரு வாரம் போல வளர்கிறது, பிறகுதான் ரத்தத்தில் இறங்குகிறது. டாக்சிசைக்ளின் ரத்தத்தில் வருவதைத்தான் பிடிக்கும். அதனால் ஊர் திரும்பியும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். அட்டோவாகுவோன், புரோகுவானில் சேர்ந்த மாத்திரை கல்லீரலிலேயே பிடித்துவிடும். ஒரு வாரத்தோடு நிறுத்தலாம். வீட்டுக்கு வந்தாச்சு, இனி எதற்கு என்று பாதியில் தூக்கிப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். வந்தது உண்மை, 2019-இல் கானா, மலாவியோடு கென்யாவிலும்தான் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். ஆனால் அது அங்கே வாழும் சிறு குழந்தைகளுக்கானது, பயணிகளுக்கு அல்ல.

இதில் நம் ஊருக்கும் ஒரு சங்கடமான பங்கு இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மலேரியாக் கொசு பெரும்பாலும் கிராமத்துக் கொசு. வெயில் படும் சிறு குட்டைகளில் முட்டையிடும். நகரத்து மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரக் கற்றது வேறொரு கொசு, அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி. சென்னைக்காரர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம். அது 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா. 2023 தொடக்கத்தில், கென்யாவின் வடக்கே மர்சபிட் வட்டாரத்தில் அதைப் பிடித்ததாக அந்நாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் அறிவித்தது. தெற்காசியக் கொசு ஒன்று ஆப்பிரிக்க நகரங்களுக்குள் நுழையப் பார்க்கிறது. நாம் அங்கிருந்து வரும் நோய்க்கு அஞ்சிக்கொண்டிருக்க, அவர்கள் நம் பக்கத்திலிருந்து போன கொசுவைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மஞ்சள் அட்டையின் கதை இதற்கு நேர்மாறு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சான்று அது. கென்யாவில் நுழைவதற்காக அல்ல, இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்காகவே நமக்கு அது முக்கியம். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது; டெங்குவைக் கொண்டுவருவதும் அதுதானே. கொசு தயார், மக்கள் தயார், வைரஸ் மட்டும் வரவில்லை. இத்தனை நூற்றாண்டுக் கப்பல் போக்குவரத்தில் அது ஏன் ஆசியாவில் காலூன்றவில்லை என்பதற்கு இன்னும் முடிவான விடை கிடையாது. விடை தெரியாதவரை கதவைச் சாத்தி வைப்பதுதான் புத்தி. அட்டை இல்லாமல் வந்திறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம் என்பது விதி. ஏன் ஆறு? வைரஸ் உடம்புக்குள் பதுங்கியிருக்கும் காலத்தின் உச்சவரம்பு அது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அட்டை செல்லும், ஏனென்றால் உடம்பு எதிர்ப்பைக் கட்டி முடிக்க அவ்வளவு நாள் வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்கு முந்தின வாரம் போய் நிற்க வேண்டாம்.

இந்த ஊசியை உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மேக்ஸ் தெய்லர். வைரஸைக் கோழிக் கருத் திசுவில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுக்கைப் பிடுங்கினார். 1937-இல் வந்த அந்த 17டி வகைதான் இன்றும் நம் கையில் ஏறுகிறது. அதற்காக 1951-இல் நோபல் பரிசு. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது தாண்டியவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே போட்டுக்கொள்ள வேண்டும். 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் பத்தாண்டு என்று அச்சிட்டிருந்தாலும் கவலையில்லை.

நீலச் சட்டை வேண்டாம் என்றது செட்சி ஈக்காக. ரத்தம் குடிக்கும் இந்த ஈக்கு நீலமும் கறுப்பும் மிகவும் பிடிக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளும் நீல, கறுப்புத் துணியில்தான் தைக்கப்படுகின்றன. நீல ஜீன்ஸோடு காட்டுக்குள் போகிறவர் நடமாடும் பொறி! தூக்க நோயைப் பரப்பும் ஈ இது. இன்று கென்யாவில் பயணிக்கு அந்த நோய் வருவது மிக அரிது, ஆனால் கடி சுரீரென்று இருக்கும், துணிக்கு மேலேயும் கடிக்கும். இந்த ஈ முட்டையிடுவதில்லை. வயிற்றுக்குள் ஒரே ஒரு புழுவை வைத்து, ஒருவகைப் பால் சுரந்து ஊட்டி, தன் எடைக்கு ஏறக்குறைய நிகராக வளர்த்துத்தான் பெற்றுப் போடுகிறது. ஆயுளில் பத்துக் குட்டி பெற்றால் அதிகம். வரிக்குதிரையின் உடம்பிலோ கடி ஈக்கள் சரியாக இறங்குவதில்லை. பறந்து வந்து வரிகளில் தடுமாறி முட்டிக்கொள்கின்றன. குதிரைக்கு வரி போட்ட போர்வை போர்த்தியும் சோதித்துவிட்டார்கள், அப்போதும் அப்படியே. நமக்கு அவ்வளவு வேண்டாம், காக்கியோ மண் நிறமோ போதும்.

எப்போது போவது? மசாய் மாராவுக்கு என்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை. மாட்டு முகமும் தாடியும் குதிரை வாலும் கொண்ட வில்டபீஸ்ட் என்ற விலங்கு 13 லட்சம் அளவுக்கு அப்போதுதான் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வடக்கே வருகிறது. அவை ஏன் மாராவிலேயே தங்கிவிடுவதில்லை என்பது நல்ல கேள்வி. இங்கே வறட்சியிலும் தண்ணீர் உண்டு, புல் உண்டு. ஆனால் தெற்குச் செரெங்கெட்டியின் குட்டைப் புல்வெளி எரிமலைச் சாம்பலில் முளைத்தது. கன்று ஈனும் தாய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அந்தப் புல்லில்தான் நிறைய இருக்கின்றன. தண்ணீருக்கு வடக்கே, பிரசவத்துக்குத் தாய்வீடு போல் தெற்கே என்று ஆண்டுதோறும் ஒரு சுற்று.

மாரா ஆற்றின் கரையில் ஒரு முழுக் காலை உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கரையில் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. முன்வரிசை தண்ணீர் வரை வரும், மோந்து பார்க்கும், தும்மும், திரும்பிவிடும். பின்வரிசை தள்ளும். இரண்டு மணி நேரம் இதே கூத்து. திடீரென்று ஒன்று குதித்தது. அடுத்த நொடி கரையே உருண்டு ஆற்றில் விழுந்த மாதிரி இருந்தது. தூசியும் உறுமலுமாக ஒரு கால் மணி நேரம். அடங்கியபோது கீழ்நீரோட்டத்தில் பாறைகளோடு பாறையாகச் சில உடல்கள் ஒதுங்கியிருந்தன. முதலை பிடித்தவை அல்ல, நெரிசலில் மூழ்கியவை.

அப்படி ஆண்டுக்குச் சராசரியாக 6,250 மூழ்குகின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீண் சாவு என்று நமக்குத் தோன்றும். மாரபூ நாரையும் கழுகும் மீனும் அப்படி நினைப்பதில்லை. சதை சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. எலும்பு கரைய ஏழு ஆண்டு. அதுவரை பாஸ்பரசை ஆற்றுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தெற்கில் சாம்பலிலிருந்து புல்லுக்கு ஏறி, புல்லிலிருந்து விலங்குக்குப் போன சத்து, கடைசியில் ஆற்று மீனுக்கு. இதைப் பார்க்கப் போகிறவர்கள் ஓட்டுநரை இன்னும் கிட்டே போ என்று விரட்டாதீர்கள். வண்டிகள் கரையை அடைத்தால் கூட்டம் இறங்கத் தோதான இடத்தை விட்டு, செங்குத்துக் கரையில் இறங்குகிறது.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் மூன்று கால்களும் தட்டையானவை, நம் உருண்டைக் கால் நுழையாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கடைப் பைக்கு 2017 ஆகஸ்ட் முதல் தடை, அபராதமும் சிறையும் உண்டு. முறுக்கையும் பொடியையும் கடைப் பையில் கட்டிக்கொண்டு போகும் வழக்கத்தை விட்டுத் துணிப்பையில் போடுங்கள். பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. பெட்டிக்கடை வரை செல்பேசியில்தான் பணம். எம்-பெசா என்று 2007-லேயே வந்துவிட்டது. பெசா நம் பைசாவேதான். கடையை டுக்கா என்பார்கள், வண்டியை காரி என்பார்கள், சப்பாத்தி சப்பாத்திதான். இந்துமாக் கடலைக் கடந்து போய் ஒட்டிக்கொண்ட சொற்கள். சைவக்காரர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உகாலி என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. தேங்காய்ப் பாலில் வெந்த பீன்ஸோடு சாப்பிட்டால் அமிர்தம். மொம்பாசாவில் நீந்துகிறவர் ஓத நேரம் பார்த்துப் போக வேண்டும். பௌர்ணமி, அமாவாசையில் கடல் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும்; நம் சென்னையில் ஒரு மீட்டர்தான். விக்டோரியா ஏரியில் மட்டும் எவ்வளவு அழைத்தாலும் இறங்காதீர்கள். நத்தையிலிருந்து வெளிவரும் நுண்புழு, நல்ல வெயில் நேரத்தில்தான் அதிகம் நீந்தி வந்து, சில நிமிடங்களில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் நாடி பிடிப்பதற்கு முன்பே "கென்யா போய்வந்தேன்" என்று சொல்லுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவா, வைரஸா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஆனால் ஃபால்சிபாரம் மலேரியா இரண்டு மூன்று நாளில் ஆளைச் சாய்த்துவிடக்கூடியது. நீங்கள் சொன்னால் அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டால் மருந்து இருக்கிறது.